ப்ரீசெட்டில் கிடைக்காதது

கேள்வி: நான் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை. வீடியோக்களைப் பார்த்தே ஃபேஷன் போட்டோகிராபி கற்றுக்கொண்டேன். படங்கள் நன்றாக இருக்கின்றன என்கிறார்கள். கூடவே, 'உன் முத்திரை எங்கே?' என்றும் கேட்கிறார்கள். கலர் டோனைப் பலமுறை மாற்றிப் பார்த்துவிட்டேன். எனக்கென்று ஒரு பாணி வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் கலர் டோனை விட்டுத்தள்ளுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ப்ரீசெட்டை (ஒரே சொடுக்கில் கலரை மாற்றும் ரெடிமேட் செட்டிங்கை) இன்னும் எத்தனையோ பேர் வாங்கியிருக்கிறார்கள். அதில் உங்கள் முத்திரை எப்படி விழும்? உங்கள் படங்கள் சிலவற்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, பிறர் படங்களோடு கலந்து ஒரு நண்பரிடம் காட்டுங்கள். உங்களுடையதை அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை என்றால் கோளாறு கலரில் இல்லை. எங்கே நின்றீர்கள், எந்த நொடியில் அழுத்தினீர்கள் என்பதில் இருக்கிறது.

மார்ட்டின் முன்காச்சி ஹங்கேரியில் விளையாட்டுப் படங்கள் எடுத்தவர். 1933-இல் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழுக்கு நீச்சலுடைப் படம் எடுக்கக் குளிரடிக்கும் கடற்கரைக்குப் போனார். மாடல்கள் ஸ்டுடியோவில் அசையாமல் நின்று போஸ் கொடுத்த காலம் அது. இவரோ மாடலைத் தன்னை நோக்கி ஓடிவரச் சொன்னார். ஆங்கிலம் வராததால் சைகையில்தான்! மேலங்கி பின்னால் பறக்க அந்தப் பெண் ஓடிவரும் படம் ஃபேஷன் பக்கங்களின் போக்கையே மாற்றியது. மைதானத்தில் பழகிய கண் அது.

சாரா மூன் மாடலாக இருந்தவர். முறையாகப் படிக்காமலே கேமராவைக் கையில் எடுத்தார். ஷார்ப்னஸ் பைத்தியம் பிடித்த நமக்கு அவருடைய மங்கலான படங்கள் பிழையாகக்கூடத் தெரியலாம். ஆனால் டயர் நிறுவனமான பிரெல்லி வெளியிடும் புகழ்பெற்ற காலண்டருக்கு 1972-இல் படம் எடுத்த முதல் பெண் அவர்தான்.

நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்? தையல் தெரியுமா, ஆடுவீர்களா, கடையில் கணக்கு எழுதினீர்களா? கடிதத்தில் அதுபற்றி ஒரு வரி இல்லை. கேமரா, லென்ஸ் விவரம் மட்டும் அரைப் பக்கம் (வெட்டிவிட்டேன்).

கொஞ்ச காலம் ஒரே லென்ஸ், ஒரே லைட் என்று இருங்கள். பக்கவாட்டு ஒளியில் சாட்டினின் ஒவ்வொரு மடிப்பும் பளிச்சிடும். அதே ஒளியை வெல்வெட் விழுங்கிவிட்டு விளிம்பில் மட்டும் ஒரு கோடு காட்டும். இதில் உங்களை இழுப்பது எது என்று கவனியுங்கள். பிறகு, ஒதுக்கிவைத்த படங்களைத் திறந்து பாருங்கள். மாடல் போஸ் கலைந்து கைப்பட்டனைச் சரிசெய்யும் நொடியில் உங்கள் விரல் தானாக அழுந்தியிருந்தால், அதுவே உங்கள் இடமாக இருக்கலாம்.

அதற்காக வாடிக்கையாளர் காசில் சோதனை நடத்தாதீர்கள். உடை தெரியாவிட்டால் அது ஃபேஷன் படமே இல்லை. அவர் கேட்டதை முதலில் முடித்துக்கொடுங்கள்; மிஞ்சும் நேரத்தில் உங்களுக்கானதை எடுங்கள். ஆனால் போர்ட்ஃபோலியோவில் இரண்டாவது வகையை மட்டும் வையுங்கள். முதல் வகையைப் பார்த்து வருகிறவர் திரும்ப அதையேதான் கேட்பார்.