வீட்டை அடகு வைத்து டாக்டர் படிப்பு வேண்டாம்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் இந்த ஆண்டு மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு). கணிதமும் இயற்பியலும் நன்றாக வருகிறது. இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காவிட்டால் வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் பெரியப்பா. பையனோ எந்நேரமும் மலிவான யுஎஸ்பி ரேடியோ ரிசீவரும் கம்ப்யூட்டருமாக இருக்கிறான்.

அம்மா, கடனைக் கட்டப்போவது பெரியப்பா இல்லை, நீங்கள்தான். வெளிநாட்டுப் படிப்புக்கு அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவி வராது. திரும்பி வந்தாலும் இங்கே பதிவு பெறத் தேர்வு எழுத வேண்டும். பையனே ஆசைப்பட்டிருந்தால் வேறு பேச்சு. அவன் கேட்கவே இல்லையே!

அவன் கையில் இருப்பது விளையாட்டுப் பொருள் இல்லை. 4ஜி டவர் தகவலைப் பல மெல்லிய சப்கேரியர்களாக, அதாவது துணை அலைகளாக, பிரித்து அனுப்புகிறது. ஒன்றுக்கொன்று இடைவெளி 15 கிலோஹெர்ட்ஸ். டவரும் போனும் ஒரே அலைவெண்ணில் நின்றால்தான் அவை கலக்காமல் இருக்கும். மலிவான ரிசீவரில் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால், 900 மெகாஹெர்ட்ஸில் அது 18 கிலோஹெர்ட்ஸ். ஒரு சப்கேரியரையே தாண்டிவிடும்! ஓடும் டாக்ஸியில் இருந்தால், நகர்வதால் அலைவெண் மாறும் டாப்ளர் விலகலும் கொஞ்சம் சேரும். இதைக் கண்டுபிடிக்க அழகான வழி இருக்கிறது. ஒரே சிக்னல் துண்டை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்புவார்கள். இரண்டும் பொருந்தும் இடம் சிக்னல் தொடங்கும் நேரத்தைச் சொல்லும். இரண்டுக்கும் நடுவே அலையின் கட்டம் (phase) எவ்வளவு சுழன்றது என்பது அலைவெண் விலகலைச் சொல்லும். ஷ்மிடல், காக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் எழுதிய முறை இது. கலப்பெண், ஃபூரியர், நிகழ்தகவு தெரிந்தால் போதும், ஜிஎன்யு ரேடியோ என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இப்படி ரிசீவரை டவரோடு ஒத்திசைக்கும் வேலைக்கென்று தனிப் பட்டம் கிடையாது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு மின்னணுப் பொறியியல் படித்து, சிக்னல் பிராசஸிங்கில் முதுகலைக்குப் போக வேண்டும். கணிதம் கடினம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் போன் நெட்வொர்க், செயற்கைக்கோள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும். கரூவில் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் 64 டிஷ்களும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றியாக வேண்டுமே.

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சிஏஓ விண்ணப்பத்தில் குவாசுலு-நட்டாலின் மின்னணுப் பொறியியலை முதலில் போடச் சொல்லுங்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மின்னணுப் பொறியியலும் பட்டியலில் இருக்கட்டும். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்எஃப்ஏஎஸுக்கும் உடனே விண்ணப்பியுங்கள். பெரியப்பாவிடம் நீங்கள் தயங்கினால், என்னிடம் அனுப்பிவையுங்கள். நான் பேசுகிறேன்.