11ஆம் வகுப்பில் ஜப்பானிய மொழி: பிகினர்ஸா, கன்டினியூயர்ஸா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், 11, 12ஆம் வகுப்பு ஜப்பானிய மொழிக்கு ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட பாடங்கள் என்று கேட்கிறார்கள்.

'பிகினர்ஸ்' புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் 100 மணி நேரத்துக்கு மேல் படித்திருக்கக் கூடாது. 'கன்டினியூயர்ஸ்' கீழ்வகுப்பிலிருந்தே படித்து வருபவர்களுக்கு. வீட்டில் அம்மொழி பேசி வளர்ந்தவர்களுக்குத் தனிப் பாடங்கள்.

காரணம் நியாயமானது. சின்ன வயதிலிருந்தே கிணற்றில் குதித்து நீந்தியவரையும், இன்றுதான் தண்ணீரில் கால் வைப்பவரையும் ஒரே போட்டியில் இறக்க முடியுமா? அதிலும் ஜப்பானிய மொழியில் ஹிராகானா, கதகானா, அப்புறம் காஞ்சி என்று மூன்று எழுத்து முறைகள். காஞ்சி மனதில் பதிய வருடங்கள் ஆகும். அதனால் இடைவெளி இன்னும் பெரிது.

'பிகினர்ஸ்' எடுத்தால் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான ஏடார் தரவரிசைக் கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு, அந்தப் பாடமும் கணக்கில் வரும்.