காற்றடித்தால் டிஷ் ஆன்டெனா ஆடாமலிருக்க என்ன செய்யலாம்?

கேள்வி: மொட்டை மாடியில் உள்ள டிஷ் ஆன்டெனா காற்று வீசும்போதெல்லாம் ஆடுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. அடியில் கல் வைத்துப் பார்த்தும் பயனில்லை. வேறு வழி உண்டா?

ஆரல்வாய்மொழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். காற்றைப் பற்றி ஒருவர் கேட்கும்போது பதில் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை. மலைக்கணவாயை ஒட்டிய ஊர். பக்கத்தில் முப்பந்தல், கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள். வைகாசியில் மேற்கிலிருந்து கிளம்பும் காற்று ஆடியில் உச்சத்துக்குப் போய்ப் புரட்டாசி வரை ஓயாது. நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. பல்லடம், உடுமலைப் பக்கமாக இருக்கும் என்றும், வீட்டில் இரவு தொடர் பார்க்கும் ஒரு பெரியவர் இருப்பார் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

"இந்தக் காலத்தில் டிஷ் எதற்கு, எல்லாம் இணையத்திலேயே வருகிறதே" என்று எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து அடுத்த கேள்விக்குப் போங்கள். என் மாமியாருக்கு ரிமோட்டில் மூன்று பொத்தான்கள் தெரியும். அந்த மூன்றோடு அவர் நிம்மதியாக இருக்கிறார்.

முதலில், கோளாறு காற்றால்தானா என்று பாருங்கள். மழையால் சிக்னல் போனால், மேகம் கலையும்வரை மொத்தமாகப் போய், பிறகு தானாக வந்துவிடும். காற்றால் போவது வேறு மாதிரி: வீச்சு வரும்போது படம் உடையும், வீச்சு அடங்கினால் சேரும். காற்று நின்ற பிறகும் படம் வரவில்லை என்றால் டிஷ் கம்பத்தைச் சுற்றித் திரும்பிவிட்டது என்று பொருள்.

எங்கள் வீட்டில் நிறுவனத்து ஆள் வந்து வைத்த டிஷ் ஆள் உயரக் கம்பத்தில் இருந்தது. அந்தக் கம்பத்தின் அடித்தகட்டைத் தட்டோட்டின் மேல் வைத்து, நான்கு துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக்கில் திருகிவிட்டுப் போயிருந்தார். தட்டோட்டுக்குக் கீழே இருப்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதில் திருகாணி எத்தனை நாள் நிற்கும்? முதல் ஆடியிலேயே துளைகள் பெரிதாகிக் கம்பம் ஆடத் தொடங்கியது. ஐப்பசி மழையில் அதே துளைகள் வழியாகப் படுக்கையறைக் கூரையில் ஈரம் இறங்கியது.

புகார் செய்தால் ஆள் வருவார், வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, வீட்டில் சார் இல்லையா?" சார் மஸ்கட்டில் இருக்கிறார். கம்பம் இங்கே இருக்கிறது. நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், என்னிடமே சொல்லுங்கள் என்றால் சிரிப்பார். டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னல் வந்ததும் பணம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். கம்பத்தின் அடியைத் தொடவே மாட்டார். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர்களின் கஷ்டமும் தெரியும். ஆனால் நோய் காலில் இருக்கும்போது தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டுப் போனால் கோபம் வராதா?

அந்தக் கோபத்தில்தான் கணக்குப் போட்டேன். எண்கள் தோராயமானவை, பொறியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வீடுகளில் இருக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்றரைப் பாகை விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். ஒரு மீட்டர் கம்பத்தின் தலை இரண்டு சென்டிமீட்டர் ஆடினால் ஒரு பாகைக்கு மேல் போய்விடும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் காற்று அந்தத் தட்டை ஏறக்குறைய மூன்று கிலோ எடை அளவுக்குத் தள்ளுகிறது. வேகம் 80 ஆனால் தள்ளுவது ஆறு கிலோ இல்லை, பதினொன்று பன்னிரண்டு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. அதுவும் அந்த விசை கம்பத்தின் உச்சியில் விழுகிறது. கம்பம் உயர உயர அடியில் நெம்புவது கூடிக்கொண்டே போகும்.

அப்படியானால் டிஷ்ஷை ஏன் அவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? எனக்குத் தெரிந்து இது தூர்தர்ஷனின் கொடைக்கானல் நிலையத்தைப் பிடிக்கக் கூரைக்கு மேல் குழாய் நட்டு ஆன்டெனா கட்டிய காலத்துப் பழக்கம். அன்று உயரம் தேவைப்பட்டது. செயற்கைக்கோள் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். மாடியில் நான்கு அடி ஏற்றுவதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது கிழக்கும் தென்கிழக்கும் கலந்த திசையில், கிட்டத்தட்ட 70 பாகை மேலே இருக்கிறது. டிஷ் பார்வைக்கு அவ்வளவு நிமிர்ந்து தெரியாது; அதன் வடிவமைப்பு அப்படி. அந்தத் திசையில் வானம் மறைக்காமல் இருந்தால் போதும், முழங்கால் உயரத்தில் வைத்தாலும் படம் வரும்.

எங்களுக்குக் காற்று மேற்கிலிருந்து. டிஷ் பார்ப்பது கிழக்கே. ஆகவே காற்று அதன் முதுகில் மோதி அடியிலிருந்து தூக்கப் பார்க்கிறது. மேற்குக் கைப்பிடிச் சுவர் மூன்றடி உயரம். டிஷ்ஷை அந்தச் சுவரின் மறைவில் தாழ வைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உங்கள் ஊர்க் காற்று எந்தப் பக்கம் என்று கவனித்து, அந்தப் பக்கத்துச் சுவரைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் கல். எடை மட்டும் போதாது, அகலம் வேண்டும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கான்கிரீட் ஊற்றி அதில் கம்பம் நடச் சொல்லும் யோசனை எல்லா இடத்திலும் கிடைக்கும். வாளி ஐம்பது கிலோவுக்குப் பக்கம் வரும். ஆனால் அடி குறுகல், உயரமான கம்பத்தோடு 80 கிலோமீட்டர் காற்றில் சாய்ந்துவிடும். நான் கொத்தனாரை வைத்து இரண்டடிக்கு இரண்டடி, நான்கு அங்குலக் கனத்தில் ஒரு பலகை வார்க்கச் சொன்னேன். எண்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தட்டோட்டில் ஒரு துளைகூட இல்லை. கம்பத்துக்கு டிஷ்ஷின் கவ்வி சரியாகப் பிடிக்கும் அளவில் ஜி.ஐ. பைப், பலகைக்கு மேலே இரண்டடிதான். பைப்பின் அடியில் குறுக்கே இரும்புக் கம்பித் துண்டுகளைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கான்கிரீட்டுக்குள்ளேயே பைப் சுழலும். இதைக் கொத்தனார் அண்ணாச்சி யோசிக்கவில்லை, நான் சொன்னேன். அவரிடமிருந்து கற்றது தூக்குக்குண்டு பிடிப்பது: ஒரு பக்கம் மட்டும் பார்க்காமல், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசையிலிருந்தும் பார்க்க வேண்டும். கம்பம் நேராக இல்லையென்றால் பிறகு டிஷ்ஷைத் திருப்பும்போது பக்கக் கோணத்தோடு உயரக் கோணமும் மாறி உயிரை வாங்கும். பைப்பின் வாயை மூடிவிடுங்கள், மழைநீர் இறங்கினால் உள்ளே துருப்பிடிக்கும். நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டு, கவ்வியின் இரு பக்கத்தையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

இன்னொன்று. பழைய கம்பத்தில் மேல் வீட்டுக்குக் குடிவந்தவர்கள் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். ஈரப் போர்வை ஒன்று காற்றில் விரிந்தால் டிஷ்ஷைவிடப் பல மடங்கு இழுக்கும். உங்கள் கம்பத்திலும் யாராவது கயிறு கட்டியிருக்கிறார்களா என்று இன்றே போய்ப் பாருங்கள்.

காற்று என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 வாக்கில் தமிழ்நாடே மின்வெட்டில் தவித்தது நினைவிருக்கும். காற்று சீசனில் கொஞ்சம் பரவாயில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்ற மாதங்களில் காற்றாலைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பனையோலை விசிறி வீசினோம். சென்னையிலிருந்து வரும் உறவினர்கள், "உங்களுக்கென்ன, கரண்ட் ஊருக்குள்ளேயே விளைகிறது" என்பார்கள். சிரித்துக்கொண்டே காபி கொடுக்க வேண்டும். ஒக்கிப் புயல் வந்தபோதும், 2017 நவம்பர் 30, மரங்கள் சரிந்தன, மின்கம்பங்கள் சரிந்தன. என் கம்பம் அசையவில்லை. மின்சாரம் வரப் பல நாள் ஆனதால் அந்தப் பெருமையைப் போட்டுக் காட்டத்தான் வழியில்லை.

புயலுக்கு முன்னால் நான் தட்டைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டேன். கம்பம் உறுதி என்பதற்காகத் தட்டை வைத்துச் சூதாட வேண்டாம்; பறந்தால் அடுத்த வீட்டுக்காரர் தலையில் விழும். காற்று எழும்பும் முன்பே ஏறுங்கள், வீசத் தொடங்கிய பிறகு மாடிக்கே போகாதீர்கள். கழற்றும் முன் கவ்வியும் பைப்பும் சேரும் இடத்திலும், உயரக் கோண அளவிலும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்தால் போதும், ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. கோட்டை மார்க்கர் பேனாவால் போட்டால் ஒரு கோடையிலேயே வெளுத்துவிடும். நகப்பூச்சால் போடுங்கள். சிவப்பு நிறம் நன்றாகத் தெரிகிறது.