வாசகர் கேள்வி – பதில்: சிப்பாய் தங்கியது யார் வீட்டில்?

கேள்வி: அமெரிக்கக் காலனிகளில் மக்கள் குடியிருந்த வீடுகளுக்குள்ளேயே பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தங்க வைக்கச் சட்டம் போட்டார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: இல்லை. 1765-ஆம் ஆண்டின் படைத் தங்கல் சட்டம் ஒரு வரிசையை வகுத்தது. முதலில் பாசறைகள், அவை நிரம்பினால் சத்திரங்களும் மதுக்கடைகளும், அங்கும் இடமில்லை என்றால் ஆளில்லாத வீடுகள், கொட்டகைகள், களஞ்சியங்கள். ஆள் குடியிருக்கும் தனியார் வீடு அந்த வரிசையில் கிடையாது.

தகராறு கூரையைப் பற்றியதைவிடச் செலவைப் பற்றியது. பாசறையில் இருப்பவர்களுக்கு விறகு, படுக்கை, மெழுகுவத்தி, சமையல் பாத்திரம், உப்பு, வினிகர் எல்லாம் அந்தந்தக் காலனியே இலவசமாகத் தர வேண்டும். குடிக்க, ஆளுக்கு ஐந்து பைன்ட்டுக்கு (ஒரு பைன்ட் ஏறத்தாழ அரை லிட்டர்) மிகாமல் லேசான பீர் அல்லது சைடர் என்னும் ஆப்பிள் மது. இல்லாவிட்டால் ஒரு குவார்ட் (இரண்டு பைன்ட்) தண்ணீரில் கலந்த அரை பைன்ட் ரம். பணத்தைக் காலனியின் சட்டசபை வரி போட்டுத் திரட்ட வேண்டும், ஆனால் எதைத் தருவது என்பதை லண்டன் நாடாளுமன்றம் முடிவு செய்யும். தங்கள் சம்மதமின்றி வந்த வரி என்றே சட்டசபைகள் இதைப் பார்த்தன. அது நியாயமான வாதம் என்பதே என் கருத்து.

சுமையும் சமமாக இல்லை. பிரிட்டிஷ் படைத் தளபதி தாமஸ் கேஜின் தலைமையகம் நியூயார்க்கில் இருந்ததால் அந்தக் காலனிக்கே பாரம் அதிகம். 1766-இல் அதன் சட்டசபை விறகும் படுக்கையும் தர இசைந்தது. உப்பு, வினிகர், பானம் மூன்றையும் விட்டுவிட்டது. பதிலுக்கு, முழுதாகப் பணியும்வரை சட்டசபை எந்தச் சட்டமும் இயற்றக் கூடாது என்று 1767-இல் நாடாளுமன்றம் தடை விதித்தது. அதற்குள் சட்டசபை பணம் ஒதுக்கிவிட்டதால் தடை நடைமுறைக்கு வரவில்லை.

கேள்வி: பாஸ்டனில் மட்டும் ஏன் அவ்வளவு குழப்பம்?

பதில்: 1768 அக்டோபரில் படை வந்தபோது நகரத்தார் சட்டத்தின் வரிசையையே கேடயமாக்கினார்கள். துறைமுகத் தீவிலுள்ள காசில் வில்லியம் கோட்டையில் பாசறை காலியாக இருக்கிறது, முதலில் அதை நிரப்புங்கள் என்றார்கள். ஆனால் நகரை அடக்க வந்த படை தீவில் உட்கார்ந்து என்ன செய்யும்? பொதுத் திடலில் கூடாரம் அடித்தார்கள், ஃபேனுவல் மண்டபத்தில் படுத்தார்கள். கடைசியில் ராணுவமே வாடகை கொடுத்துக் கிடங்குகளைப் பிடித்தது.