பரணில் கிடைத்த சுவடியை ஸ்கேன் கடையில் கொடுக்கலாமா?

கேள்வி: பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தாவின் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று கிடைத்தது. சில ஏடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பல ஏடுகளில் எழுத்தே தெரியவில்லை. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்யக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்கேனர் மூடியை அழுத்தினாலே காய்ந்த ஓலை நார்வாக்கில் பிளந்துவிடும். போன் கேமராவே போதும். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது.

கட்டைப் பிரிக்கும் முன் இருக்கிற நிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். கயிறு இற்றுப்போயிருந்தால் உருவாதீர்கள், துளை கிழியும், கத்தரித்து எடுங்கள். ஏட்டெண் பெரும்பாலும் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும். ஓரங்கள்தான் முதலில் உதிரும் என்பதால், எடுத்த வரிசை மாறாமல் அடுக்குங்கள்.

தூசியை மென்மையான பிரஷ்ஷால் நீளவாக்கில் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. ஒட்டிய ஏடுகளைக் கத்தியால் நெம்பினால் மேல்தோல் எழுத்தோடு உரிந்து வந்துவிடும். சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரஸ்வதி மகால் போன்ற இடங்களில் காட்டி யோசனை கேளுங்கள். உடைந்த துண்டுகளைத் தனி உறையில் போடுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம்.

சரி, தெரியாத எழுத்து? அது எழுத்தாணியால் கீறியது. கீறலில் ஏற்றிய கரி போயிருக்கும், பள்ளம் அங்கேயேதான் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசை மட்டத்தில் பிடியுங்கள். கீறலுக்குள் நிழல் விழுந்து கொம்பும் சுழியும் எழும்பி வரும். அந்த வெளிச்சத்திலேயே படமெடுங்கள். புள்ளிகளைக் காணோமே என்று பதற வேண்டாம். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள்.

எழுத்து தெரிய விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைப்பது, ஓலையைப் பாதுகாக்க எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவது இரண்டும் நல்ல முறைகள்தான். ஆனால் முதல் படம் அதற்கு முன் இருக்கட்டும். வெடிப்பிலும் பூச்சி அரித்த தடத்திலும் கரி ஏறினால் அதுவும் எழுத்துபோலவே தெரியும். எண்ணெய் ஊறும் முன் எடுத்தால் பளபளப்பு எழுத்தை விழுங்கிவிடும். அப்புறம், ஏட்டின் இரு பக்கத்தையும் எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பிச் சேமிக்காதீர்கள், படம் சுருங்கிவிடும்.

வேலை முடிந்ததும் பழைய மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து, பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள், கோடையில் அது அடுப்பு.