வானம் பார்த்த ஆட்டம்

வாசகர் கேள்வி – பதில்

மழையில் நின்றுபோன ஆட்டம் ஒன்றைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடம் கிளப் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றவன் நான். பந்தைப் பார்த்த நேரத்தைவிட மேகத்தைப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க வானிலைக் கேள்விகள்தான்.

சார், மழை, காற்று, பனி எல்லாம் வந்தால் ஆட்டத்துக்கு ருசி கூடுமா, கெட்டுப்போகுமா? நான் கூடும் என்கிறேன். என் அண்ணன் கெடும் என்கிறான். நீங்களே சொல்லுங்கள்.

மழை ஓர் ஆட்டக்காரராக மைதானத்துக்குள் இறங்கினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. என் வேலையைப் பிடுங்கிக்கொண்டு அது முடிவு சொல்ல ஆரம்பித்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

உங்கள் கட்சிக்கு ஒரு சாட்சி: 1968, லண்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்து – ஆஸ்திரேலியா கடைசி டெஸ்ட். ஐந்தாம் நாள் உணவு இடைவேளையில் ஆஸ்திரேலியா 5 விக்கெட் போய்த் தவித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்து மைதானத்தைக் குளமாக்கிவிட்டது. வேறு நாளாக இருந்தால் எல்லோரும் பையைத் தூக்கியிருப்பார்கள். ஆனால் பார்க்க வந்த ஜனங்களே இறங்கி, மைதான ஊழியர்களோடு சேர்ந்து தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள், முள்கரண்டிக் கம்பியால் தரையைக் குத்தி வடிய விட்டார்கள். மாலை மறுபடி ஆரம்பித்தபோது மிச்சம் இருந்தது ஒன்றேகால் மணி நேரம். காய்ந்துகொண்டிருந்த பிட்ச்சில் இங்கிலாந்தின் சுழற்பந்து வீச்சாளர் டெரெக் அண்டர்வுட் கடைசி 4 விக்கெட்டை 27 பந்தில் எடுத்தார். முடியும்போது மட்டையாளரைச் சுற்றிப் பத்துப் பேரும் கைநீட்டும் தூரத்தில் நிற்கிறார்கள். அந்தப் புகைப்படத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மூச்சு முட்டும். மழை வராமல் இருந்திருந்தால் அது எல்லா வெற்றியையும் போல இன்னொரு வெற்றி, அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன் கட்சிக்கு 1992 உலகக் கோப்பை அரையிறுதி. சிட்னியில் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் வேண்டும். கஷ்டம், ஆனால் முடியாதது இல்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் மழை. திரும்பி வந்தபோது பலகையில் 1 பந்தில் 22 ரன் என்று எழுதியிருந்தது (உண்மையில் 21; அதிலும் தப்பு). அப்போதைய விதி என்ன தெரியுமா? இரண்டாவது ஆடுகிற அணிக்கு 2 ஓவர் குறைந்தால், முதலில் ஆடிய அணியின் மிகக் குறைவான ரன் வந்த 2 ஓவரைக் கழிப்பார்கள். தென்னாப்பிரிக்கா நன்றாகப் பந்து வீசிக் கட்டிப்போட்ட ஓவர்கள்தான் கழிந்தன. அதாவது நன்றாக வீசியதற்கே தண்டனை. இங்கே ஆட்டத்தைக் கெடுத்தது மழையா, விதியா என்று கேட்டால் நான் விதியைத்தான் சொல்வேன்.

இரண்டு அணிக்கும் ஒரே மழைதானே? பிறகு ஏன் அநியாயம் என்று புலம்புகிறார்கள்?

கால்பந்தில் உங்கள் வாதம் முக்கால்வாசி சரி. இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் நனைகிறார்கள். ஆனால் ஒரே மழையில் எல்லோருக்கும் ஒரே நஷ்டம் இல்லை. 1974 உலகக் கோப்பையில் ஃபிராங்க்ஃபர்ட்டில் மேற்கு ஜெர்மனியும் போலந்தும் மோதின. அடைமழையில் மைதானம் மூழ்கி, தீயணைப்பு வண்டியை வைத்துத் தண்ணீரை இறைத்தும் தீரவில்லை. போலந்தின் பலமே ஓட்டம். பந்தைத் தள்ளிவிட்டுப் பறப்பார்கள். அன்றைக்குத் தள்ளிய பந்து தேங்கிய நீரில் சதக்கென்று நின்றுபோனது. இறுதி ஆட்டத்துக்குப் போக ஜெர்மனிக்கு டிராவே போதும், போலந்து ஜெயித்தே ஆக வேண்டும். கெர்ட் முல்லர் ஒரே ஒரு கோல் போட்டார், கதை முடிந்தது. மழை இரண்டு பேர் மேலேயும்தான் பெய்தது. போலந்துக்குக் கால் போனது, ஜெர்மனிக்குச் சட்டைதான் நனைந்தது.

மாறி மாறி ஆடுகிற ஆட்டங்களில் ‘ஒரே மழை’ என்பதே கிடையாது. 2002 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃபில் மூன்றாம் நாள் காலையில் கிளம்பியவர்களுக்கு ஒரு வானம், மதியம் ஆடியவர்களுக்கு வேறு வானம். புயல் காற்றும் மழையும் அடித்த அந்த மதியம் டைகர் வுட்ஸ் சுற்றை முடிக்கப் பந்தை 81 தடவை அடிக்க வேண்டியிருந்தது; கோல்ஃபில் எண்ணிக்கை குறைந்தால்தான் நல்லது. அந்த வருடத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் வெல்லும் கனவு அங்கேயே கலைந்தது. கிரிக்கெட்டிலும் அப்படித்தான். ராத்திரி ஆட்டத்தில் பனி இறங்கினால் இரண்டாவதாகப் பந்து வீசுகிறவன் பாடு திண்டாட்டம். நாணயத்தைச் சுண்டிய நிமிடத்திலேயே பாதி ஆட்டம் தீர்ந்துவிடும்.

ஈரத்தில் பந்துக்கு என்னதான் ஆகிறது?

கையில் வாங்கிப் பார்த்தால் தெரியும். ஓவர் முடிந்து பந்து என்னிடம் வரும்போது தோல் ஊறிப்போய், பளபளப்புச் செத்து, சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். பந்து வீசுகிறவர் இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு பந்துக்கும் துடைப்பார். நாலு ஓவரில் துண்டும் நனைந்துவிடும், அப்புறம் துடைப்பது வெறும் சடங்கு. ஸ்பின்னரின் விரலில் தையல் பிடிபடாது. அதே ஈரம் மட்டை பிடிப்பவருக்கும் துரோகம் செய்யும்: நான்கு போக வேண்டிய அடி புல்லில் ஊர்ந்து இரண்டோடு நிற்கும்.

பந்து ஈரமாவது ஒரு விஷயம், பிட்ச் ஈரமாவது வேறு. அந்தக் காலத்தில் பிட்ச்சை முழுக்க மூட மாட்டார்கள். மழையில் ஊறிய மண் மேல் வெயில் அடித்தால் மேல்தோல் பிசின் மாதிரி ஆகிவிடும். ஒரு பந்து முகத்துக்கு எகிறும், அடுத்தது கணுக்காலில் தவழும். 1950 பிரிஸ்பேன் டெஸ்ட்டில் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 68 ரன்னில் போதும் என்று தானாகவே இன்னிங்ஸை முடித்து டிக்ளேர் செய்தது. எதிரியைச் சீக்கிரம் அந்தச் சேற்றில் இறக்கிவிட வேண்டுமே! ஆஸ்திரேலியா என்ன செய்தது? 7 விக்கெட்டுக்கு 32 ரன்னில் அதுவும் டிக்ளேர். 32 ரன்னில்! இப்போது எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். நியாயம்தான். ஆனால் அந்த மாதிரி மூளைச் சண்டையும் கூடவே போய்விட்டது, அது எனக்கு வருத்தம்தான்.

டக்வொர்த் – லூயிஸ் முறை யாருக்காவது புரியுமா?

கணக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, எண்ணம் எளிது. ஓர் அணியிடம் இருக்கும் சொத்து இரண்டு: மிச்ச ஓவர், மிச்ச விக்கெட். மழை எவ்வளவு சொத்தைத் தின்றதோ அந்த அளவுக்கு இலக்கைத் திருத்துவார்கள். இதை 1997 ஜனவரி 1 அன்று ஜிம்பாப்வே – இங்கிலாந்து ஆட்டத்தில் முதலில் பயன்படுத்தினார்கள். இந்த முறைப்படி போட்டுப் பார்த்தால் அந்த 1992 சிட்னி அரையிறுதியில் கடைசிப் பந்தில் 5 ரன் போதும்.

ஆனால் விதி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, காகிதத்தைச் சரியாகப் படிக்க வேண்டும். 2003 உலகக் கோப்பையில் டர்பனில் மழை வலுத்துக்கொண்டிருந்தபோது, 229 எடுத்தால் வெற்றி என்று நினைத்து தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் சிக்ஸர் அடித்து அந்த எண்ணைத் தொட்டார். அடுத்த பந்தைத் தடுத்து வைத்தார். அத்தோடு மழையில் ஆட்டம் நின்றுபோனது. 229 என்பது சமன் செய்யும் எண்ணிக்கை. ஆட்டம் டை, தென்னாப்பிரிக்கா சொந்த நாட்டிலேயே வெளியே. அந்தத் தடுத்த பந்தை நினைத்தால் எனக்கே தூக்கம் போகும்.

மழை விட்ட பிறகும் அம்பயர்கள் ஏன் மணிக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறீர்கள்? வேண்டுமென்றே இழுத்தடிப்பா?

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது எங்களுக்காகவே சொன்னது போல இருக்கும். நாங்கள் பிட்ச்சைப் பார்க்கப் போவதில்லை, அது மூடித்தான் இருக்கிறது. பந்து வீசுகிறவர் முன்கால் ஊன்றுகிற இடத்தில் ஷூவின் குதிகாலை அழுத்தி, எடுத்த பிறகு ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்போம். தார்ப்பாயை இழுத்தபோது தண்ணீர் எந்தப் பக்கம் சரிந்தது என்று பார்ப்போம். தண்ணீரை உறிஞ்சும் சூப்பர் சாப்பர் உருளை போன இடம் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் கஞ்சி மாதிரி இருக்கும்.

ஒரு தடவை இரண்டு கேப்டனும் ஆடியே தீர வேண்டும் என்று நச்சரித்தார்கள், பார்க்க வந்தவர்கள் கைதட்டிக் கிண்டல் செய்தார்கள். நானும் சரி என்றேன். எல்லைக்கோட்டுக்கு அருகே நிழல் விழும் மூலையை நான் மிதித்துப் பார்க்கவில்லை. மூன்றாவது ஓவரில் ஒரு பையன் அங்கே பந்தைத் துரத்தி ஓடி, கால் வழுக்கி, முழங்கால் திரும்பிக் கீழே விழுந்தான். அந்த சீசன் முழுக்க அவன் ஆடவில்லை. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு கைதட்டல் கேட்டால் நான் இன்னும் மெதுவாக நடப்பேன்.

இடி மின்னலுக்கு மட்டும் உடனே ஓடிவிடுகிறீர்களே?

ஓடத்தான் வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவு என்றால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பது பரவலாகப் பின்பற்றும் வழக்கம். மின்னல் மட்டுமில்லை, எந்த வானிலையிடமும் வீரம் பேசாதீர்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று ஆலங்கட்டியும் உறைய வைக்கும் காற்றும் அடித்து 21 பேர் இறந்தார்கள்.

பாதியில் நிறுத்தினால் பாதிப் பலன் கொடுப்பது நியாயமா?

கார் பந்தய ரசிகர்களைக் கேளுங்கள். 1984 மொனாக்கோவில் கொட்டும் மழையில் முன்னணியில் இருந்த அலன் ப்ரோஸ்ட், நிறுத்துங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டே ஓட்டினார். பின்னால் அயர்டன் சென்னா என்ற இளைஞர் சாதாரண வண்டியில் விரட்டிக்கொண்டு வந்தார். நிறுத்தினார்கள். ப்ரோஸ்ட்டுக்கு வெற்றி, ஆனால் 9 புள்ளிக்குப் பதில் பாதியான 4.5. வருடக் கடைசியில் நிக்கி லௌடாவிடம் பட்டத்தை அரைப் புள்ளியில் இழந்தார். பந்தயம் முழுதும் ஓடி இரண்டாவதாக வந்திருந்தாலே 6 கிடைத்திருக்கும்!

குளிரிலும் மழையிலும் திறமை எடுபடாது, அதிர்ஷ்டம்தான் ஜெயிக்கும் என்கிறார்களே?

ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018 பாஸ்டன் மராத்தானில் கடுங்குளிர், எதிர்க்காற்று, விடாத மழை. பெரிய பெரிய ஓட்டக்காரர்கள் பாதியில் ஒதுங்கினார்கள். ஆண்களில் ஜெயித்தவர் யூகி கவாவுச்சி. ஜப்பானில் ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர். அடிக்கடி பந்தயங்களில் ஓடி ஓடி எதையும் தாங்கும் உடம்பு அவருக்கு. அவருடைய திறமையை வெயில் நாளில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நடுவர்களின் கஷ்டம் தனி. 1967 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி. நடுவர்களின் உலோக விசில் உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்த்ததால், ஆட்டம் முழுக்க வாயால் கத்தியே நடத்தினார்கள்.

காற்று?

ஸ்டம்புகளின் தலையில் வைக்கிற சின்னக் கட்டைகள், அதாவது பெயில்ஸ், நிற்காது. 2019இல் இங்கிலாந்து – ஆஸ்திரேலியா மோதிய ஆஷஸ் தொடரில், மான்செஸ்டரில் பெயில்ஸ் இல்லாமலேயே கொஞ்ச நேரம் ஆடினார்கள், விதியில் இடம் உண்டு. நானும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். போல்டா இல்லையா என்பதை அப்போது நம் கண்தான் சொல்ல வேண்டும்.

எல்லா மைதானத்துக்கும் கூரை போட்டுவிட்டால் என்ன?

விம்பிள்டன் மைய மைதானத்துக்கு 2009இல் போட்டார்கள், டென்னிஸுக்கு நல்லது. மற்றதற்கு வேண்டாம். எனக்கு வேலை இருக்காது.

வானிலை ஆட்டத்தைக் கெடுத்த கதைகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

1937 கிறிஸ்துமஸ் அன்று லண்டனில் செல்சி – சார்ல்டன் கால்பந்து. மூடுபனி அடர்ந்துகொண்டே வந்தது. சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரம் தன் கோலுக்கு முன்னால் நிற்கிறார், பந்து வரவே இல்லை. நம் பையன்கள் எதிரியை அந்தப் பக்கமே அடைத்து வைத்திருக்கிறார்கள் போல என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, அசையாமல் காவல் காக்கிறார். ரொம்ப நேரம் கழித்துப் பனியை விலக்கிக்கொண்டு ஓர் உருவம் வந்தது. எதிரணி ஆட்டக்காரர் இல்லை, போலீஸ்காரர். ஆட்டத்தை நிறுத்திக் கால் மணி நேரம் ஆகிவிட்டது, மைதானத்தில் ஒருவரும் இல்லை என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தார். அவர் தட்டுத்தடுமாறி உடைமாற்றும் அறைக்குப் போனபோது, மற்றவர்கள் எல்லோரும் குளித்து வெளியுடை போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்களாம்.