யாங்கோனில் வலப்பக்க ஸ்டியரிங்

தம்பி, மதுரையில் பத்து வருஷம் ஓட்டிய கை, யாங்கோனில் பழைய ஜப்பான் காரை எடுக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான்.

பர்மா 1970-இல் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. ஆனால் இங்கே ஓடும் பழைய ஜப்பான் கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். அதனால் நீங்கள் உட்காருவது சாலை ஓரத்தில். முன்னால் ஒரு பஸ் போனால் எதிரே வருவது தெரியவே தெரியாது. பஸ்ஸை ஒட்டிப் போகாமல் தள்ளியே போங்கள். முதல் மாதம் பக்கத்து சீட்டில் விவரம் தெரிந்தவரை உட்காரவையுங்கள். அவர் பார்த்துச் சொல்லாமல் முந்தவே வேண்டாம். அப்புறம், இடப்பக்கம் திரும்பும்போதுதான் எதிர் வண்டிகளைக் குறுக்கே கடக்கிறீர்கள், ஊரில் வலப்பக்கம் திரும்புகிற மாதிரி. நடந்து சாலையைக் கடந்தாலும் முதலில் இடப்பக்கம் பாருங்கள்.